நாக்குக்கு எட்டாதது: கரிசல் காட்டுக் கிணறும் போர் தண்ணீரும்

கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று எந்தப் பக்கம் போனாலும் கரிசல் ஊர் வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு இடம் உண்டு. முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியில் உப்புத் தண்ணி. அடுப்படியில் மூடி வைத்த குடத்தில் நல்ல தண்ணி. உப்புத் தண்ணியில் குளிக்கலாம், துவைக்கலாம், மாட்டுக்குக் காட்டலாம். நல்ல தண்ணி குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். நடக்கப் பழகிய பிள்ளைகூட எந்தச் செம்பை எதில் விடக் கூடாது என்று தெரிந்து வைத்திருக்கும். மழை பொய்த்த வருடங்கள் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது.

எது உப்பு, எது நல்லது என்று தீர்ப்புச் சொல்வது நாக்கு. நாக்கு கொஞ்சம் தயங்கினால் அடுப்பு சொல்லும்: பருப்பு வெந்தால் நல்ல தண்ணி, வேகாமல் விறைத்து நின்றால் இல்லை. சோப்பு நுரைக்கிறதா என்பது மூன்றாவது சாட்சி. இந்த மூன்று சோதனையும் உப்பையும் கடினத்தன்மையையும் சரியாகவே பிடிக்கும். ஆனால் ஃபுளோரைடுக்கு ருசி கிடையாது. நைட்ரேட்டுக்கு நிறம் கிடையாது. மலக்கிருமி கலந்த தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கலாம். உடம்பைக் கெடுக்கும் பல பொருள்கள் நாக்குக்கு எட்டாமலே தொண்டையைத் தாண்டுகின்றன. கிணற்றையும் போரையும் நம்பியிருக்கும் குடும்பம் அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தால் என்ன செய்வது என்பதே இந்த அத்தியாயம்.

மண்ணும் பாறையும்

கரிசல் மண் களிமண். நனைந்தால் ஊதி, இறுகி, தண்ணீரைக் கீழே விடாது. அதனால்தான் மழை பெய்த மறுநாள் காட்டுக்குள் கால் வைக்க முடிவதில்லை. உள்ளே இறங்காத நீர் மேலேயே நின்று ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 700 மில்லி மீட்டர் மழையே கிடைக்கும் ஊரில், அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும் ஊரில், இந்த உப்பைக் கழுவிக்கொண்டு போக வற்றாத ஆறும் இல்லை, மழையும் போதாது.

களிமண் தண்ணீரை விடாது என்றால் அழுக்கையும் விடாதே என்று தோன்றும். கோடையில் கரிசலைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். சித்திரை வைகாசியில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கை முழுதும் உள்ளே போகும் வெடிப்புகள். கோடை மழையின் முதல் தண்ணீர் மண்ணில் வடிகட்டப்படாமல் அந்த வெடிப்புகளின் வழியே நேராக இறங்குகிறது. எருக்குழி, மாட்டுத் தொழுவம், உரம் தூவிய நிலம் என எதன் மேல் ஓடி வந்ததோ அதையெல்லாம் கூட்டிக்கொண்டுதான் இறங்குகிறது.

இந்தக் களிமண்ணுக்கு அடியில் இருப்பது கடும்பாறை. தண்ணீர் பாறை இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் தேங்கி, பாறையின் தாதுக்களைக் கரைத்துக்கொள்கிறது. இதிலிருந்து ஒரு சங்கடமான கணக்கு கிடைக்கிறது. மேலாக உள்ள கிணற்றில் மனிதன் சேர்த்த அழுக்கு இருக்க வாய்ப்பு அதிகம். ஆழமான போரில் பாறை சேர்த்த உப்பு இருக்க வாய்ப்பு அதிகம். முந்நூறு அடிக்கு வந்தது சரியில்லை என்று எண்ணூறு அடிக்குப் போனால் சுத்தமான தண்ணீர் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்தப் பாறை எந்த உறுதியும் தரவில்லை.

பருப்பு வேகும் தண்ணீரில் ஃபுளோரைடு

ஃபுளோரைடு பாறையிலிருந்து வருகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக் கட்டிவிடும். ஓரளவுக்கு மேல் கரைய விடாது. கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில்தான் ஃபுளோரைடு தாராளமாகக் கரையும். கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் பருப்பு வேகும், சோப்பு நுரைக்கும், குடிக்கவும் இதமாக இருக்கும். ‘இந்தப் போர் தண்ணி தேனாட்டம் இருக்கு, பருப்பு பூவா வேகுது’ என்று ஊரே மெச்சும் தண்ணீரைத்தான் முதலில் ஃபுளோரைடுக்குச் சோதிக்க வேண்டும். மெச்சப்படும் ஒவ்வொரு போரிலும் ஃபுளோரைடு இருக்கிறது என்பதல்ல இதன் பொருள். அடுப்படிச் சோதனையில் தேறியது என்பதற்காகச் சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500, 2012) ஒரு லிட்டரில் 1 மில்லி கிராம் ஃபுளோரைடு வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5தான். அதைத் தாண்டினால் முதலில் காட்டிக்கொடுப்பது பிள்ளைகளின் பல். முளைக்கவிருக்கும் நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் எட்டு வயதுக்குள் இந்தப் பாதிப்பு நடந்து முடிந்துவிடும். சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெண்மை, பிறகு குறுக்கே மஞ்சள், பழுப்புக் கோடுகள். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வெற்றிலைக் கறை, பல் துலக்காத சோம்பல் என்று பிள்ளையைத் திட்டுவது வீண். ஒரே தெருவில் நாலைந்து பிள்ளைகளுக்கு இப்படி இருந்தால், கேள்வி கேட்க வேண்டியது அந்தத் தெரு குடிக்கும் தண்ணீரை.

லிட்டருக்கு 3 முதல் 6 மில்லி கிராம் வரை உள்ள தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் பிடிக்கும். 10க்கு மேல் போனால் முதுகெலும்பு வளைந்து ஆளையே முடக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காட்டு வேலை செய்பவர்கள் வெயிலில் நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் குடிப்பார்கள். அதனால் நிழலில் இருப்பவரைவிட அவர்கள் உடம்பில் சேரும் அளவும் கூடுதல். மூட்டு வலியை வயசுக்கோளாறு என்றும் வாயு என்றும் தள்ளிவிடுவது கிராமத்து வழக்கம். கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் செய்து பார்க்கும் எளிய சோதனைகள் மூன்று உண்டு: முழங்காலை மடக்காமல் குனிந்து கால் பெருவிரலைத் தொட முடிகிறதா, தாடை நெஞ்சில் படுகிறதா, இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கட்ட முடிகிறதா. முடியாதவர்கள் எல்லோருக்கும் ஃபுளோரைடு நோய் என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் தண்ணீரைச் சோதிக்க அது போதுமான காரணம்.

இந்தியாவில் இந்த நோயை மருத்துவ உலகம் முதலில் விரிவாகப் பதிவு செய்தது அன்றைய சென்னை மாகாணத்தில்தான். 1937இல் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் நெல்லூர் வட்டாரத்து ஊர்களைப் பற்றி எழுதினார்கள். தமிழ்நாட்டில் பெரிதும் அடிபட்டவை தர்மபுரியும் கிருஷ்ணகிரியும். 2013இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு நோய்த் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியோடு காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்ததுதான் அங்கே கிடைத்த விடை. கோவில்பட்டிக்கும் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி வருகிறது. குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் வீடுகள் அதைக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கி வைத்துக்கொள்வதைவிடச் சிறந்த மருந்து இல்லை. குழாய் வறண்ட நாள்களில் போர் பக்கம் திரும்பும்போதுதான் ஆபத்து.

ஃபுளோரைடு உடம்பில் படிந்த பிறகு அதை இறக்கும் மாத்திரை கிடையாது. பல்லின் கறை மறையாது. தண்ணீரை மாற்றினால் மேலும் ஏறாமல் நிற்கும். வலியும் ஓரளவு குறையும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால், நெல்லிக்காய் போன்ற கால்சியமும் சி வைட்டமினும் உள்ள உணவு உதவும். தேயிலையிலேயே ஃபுளோரைடு உண்டு என்பதால் பால் சேர்க்காத கடுந்தேநீரை, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, குறைப்பது நல்லது.

நைட்ரேட்டும் கைக்குழந்தையும்

நைட்ரேட்டுக்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லி கிராம். ஃபுளோரைடைப் போல ‘வேறு வழியில்லாவிட்டால் இவ்வளவு’ என்ற சலுகை இதற்கு இல்லை. சாணக்குப்பை, கழிவுக்குழி, யூரியா, டி.ஏ.பி. ஆகியவை இதன் ஊற்றுக்கண்கள். 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் உடம்பு நீலம் பாரித்த கைக்குழந்தைகளைப் பார்த்தார். பண்ணை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கலந்த புட்டிப்பால்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். நைட்ரேட் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்று கிராமச் செவிலியர்கள் சொல்வதில் இந்தப் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. புட்டிப்பால் தவிர்க்க முடியாத வீட்டில் சோதிக்காத கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் கலப்பது தீர்வாகாது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு ஏறும். ஃபுளோரைடுக்கும் இதே கணக்குதான்.

கிராமங்களில் கடந்த சில ஆண்டுகளில் கட்டிய கழிப்பறைகளில் பல, சிமெண்டு உறை இறக்கி அடியைத் திறந்து விட்ட குழிகள். பக்கத்திலேயே பழைய அடிபம்பு நிற்கும். கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 50 அடி வேண்டும். பாறை வெடிப்பு தெரியும் இடத்தில் இன்னும் தள்ளி இருப்பது நல்லது. எருக்குழியும் அப்படியே. கிணறு சரிவின் மேல் பக்கம், குழி கீழ்ப் பக்கம் என்று அமைத்தால் பாதிக் கவலை தீரும்.

உப்பு செய்யும் கெடுதலையும் சொல்ல வேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும். சல்ஃபேட் மிகுந்த தண்ணீர் வயிற்றை இளக்கும். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிக்கு இரண்டாம் நாள் வயிறு போவதும், ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் ஆகாததும் இதனால் இருக்கலாம். சோடியம் ரத்த அழுத்தத்தோடு விளையாடும். வங்கதேசத்தின் தாக்கோப் கடலோரப் பகுதியில் செய்து 2011இல் வெளியான ஆய்வு, உப்பேறிய தண்ணீர் குடிக்கும் கர்ப்பிணிகளிடம் ரத்த அழுத்தம் மழைக்காலத்தைவிட வறண்ட மாதங்களில் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் நல்ல தண்ணிக் குடத்தில் முதல் பங்கு அவருக்கு.

மருந்து வாசல் தாண்டியது

இந்த வட்டாரத்தின் பிழைப்பு தீப்பெட்டியும் பட்டாசும். அவற்றின் ரசாயனம் நிலத்தடி நீரில் இறங்குகிறதா என்று ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தமிழக ஆய்வாளர்களும் சேர்ந்து சிவகாசியிலும் மதுரையிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். ஆய்வு 2013இல் வெளியானது. அவர்கள் தேடியது பெர்குளோரேட். அது தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் போவதைத் தடுக்கும் பொருள். கர்ப்பிணியின் தைராய்டு தளர்ந்தால் கருவில் வளரும் குழந்தையின் மூளை வளர்ச்சி வரை பாதிக்கும்.

சிவகாசியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17இல், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அன்று பரிந்துரைத்த லிட்டருக்கு 15 மைக்ரோ கிராம் என்ற அளவைவிடப் பெர்குளோரேட் அதிகம். உச்சபட்சமாக ஓரிடத்தில் 7,690 மைக்ரோ கிராம். மதுரை மாதிரிகளில் ஒன்றுகூட வரம்பைத் தாண்டவில்லை. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களே முதன்மைக் காரணம் என்று அந்த ஆய்வு முடிவு சொன்னது. வழக்கமான தண்ணீர்ச் சோதனையில் பெர்குளோரேட் இடம்பெறாது. சாதாரண ஆய்வகத்தில் அதற்கான கருவியும் இருக்காது. ஆகவே தொழிற்கூடங்களின் அருகே வசிப்பவர்கள் சோதனைக்குக் காத்திராமல் இரண்டு காரியங்களைச் செய்யலாம். பட்டாசு மருந்து கலக்கும் அறை, மருந்துக் கழிவு எரிக்கும் இடம், கழுவுநீர் விடும் பள்ளம் ஆகியவற்றுக்கு அருகிலோ சரிவின் கீழேயோ உள்ள கிணற்றைக் குடிநீருக்கு எடுக்காமல் இருப்பது ஒன்று. மருந்து பட்ட துணியையும் பாத்திரத்தையும் வீட்டுக் கிணற்றடியில் அலசாமல் இருப்பது இன்னொன்று. வேலை முடித்து வீடு திரும்பும் பெண்கள் அந்தத் துணியோடுதான் தண்ணீர் எடுக்கப் போகிறார்கள் என்பதைத் தொழிற்கூட உரிமையாளர்களும் நினைத்துப் பார்க்க வேண்டும். வாசலிலேயே கை கால் கழுவ இடமும், அந்தக் கழுவுநீரைத் தேக்கப் பூசிய தொட்டியும் கட்டிக்கொடுப்பது பெரிய செலவல்ல.

சோதனைக்கு எடுத்துப் போவது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு, தூத்துக்குடியிலும் இருக்கிறது. கட்டணம் கட்டினால் தனியாரும் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தருகிறார்கள். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று தெரியும். பெட்டிச் சோதனை சந்தேகத்தைக் கிளப்பப் போதும். உறுதி செய்ய ஆய்வகம் வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குளிர்பானப் பாட்டிலில் பிடித்து, இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்து கொண்டுபோனால் காசு வீண். சுத்தமான புதுப் பிளாஸ்டிக் கேன், இரண்டு லிட்டர் கொள்வது நல்லது. ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். மோட்டாரைப் போட்டு ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கேனை மூன்று தடவை அலசி, காற்று நிற்காமல் வாய்வரை நிரப்பி மூட வேண்டும். ஊர், கிணறா போரா, ஆழம், எடுத்த தேதி, நேரம் எழுதி ஒட்ட வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் கொதிநீராவியில் தூய்மைப்படுத்திய குப்பிதான் வேண்டும். அதைக் குளிர்ச்சியாக வைத்து அன்றே சேர்ப்பிக்க வேண்டும்.

அறிக்கை வந்ததும் எல்லா வரிகளையும் படிக்கத் தேவையில்லை. கரைந்த மொத்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. மொத்தக் கடினத்தன்மை 200, அதிகபட்சம் 600. குளோரைடு 250, அதிகபட்சம் 1,000. ஃபுளோரைடும் நைட்ரேட்டும் மேலே சொன்னபடி. ஈ.கோலை கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் வரியில் ஒரு பொறி இருக்கிறது. சில ஆய்வகங்கள் அதை நைட்ரேட்டாக எழுதும், சில நைட்ரஜனாக எழுதும். நைட்ரஜனாக எழுதிய 10, நைட்ரேட்டாக எழுதிய 45க்குச் சமம். ‘12தானே, 45க்கு வெகு கீழே’ என்று நிம்மதி அடைவதற்கு முன் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தத் தாளைத் தூக்கிப் போடக் கூடாது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு 2018 ஏப்ரலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, ஆலையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ஆழ்துளைக் கிணறுகளின் நீர்ப் பகுப்பாய்வு அறிக்கைகளை ஆலை தரவில்லை என்பது. அதே ஆண்டு மே மாதம் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். ஆலையை மூடியது சரியே என்று 2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிணற்றுத் தண்ணீரின் கணக்கு எழுத்தில் இருப்பதும் இல்லாமற்போவதும் வழக்கின் எடையையே மாற்றும். ஆண்டுக்கு இரண்டு தடவை, கோடை முற்றிய வைகாசியில் ஒன்றும் மழை ஓய்ந்த தையில் ஒன்றும், சோதித்துத் தேதிவாரியாக வைத்திருக்கும் ஊர் எந்த அலுவலக வாசலிலும் நிமிர்ந்து நிற்கலாம்.

கருவி விற்பவரும் கேன் தண்ணியும்

வீட்டுக்கு வரும் விற்பனையாளர் இரண்டு கம்பி உள்ள கருவியைத் தண்ணீரில் விடுவார். கிணற்றுத் தண்ணீர் பழுப்பும் கறுப்புமாக மாறும். அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே நிற்கும். பார்ப்பவர் பதறிப்போவார். அங்கே கரைந்து நிறம் காட்டுவது அந்தக் கம்பியின் இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், கம்பி கரையும். உப்பில்லாத தண்ணீரில் பாயாது. அந்த நிறத்துக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லை. பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரும் மொத்த உப்பைத்தான் காட்டும். 300 காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு வரம்பு மீறியிருக்கலாம்.

ஆர்.ஓ. கருவி ஃபுளோரைடு, நைட்ரேட், பெர்குளோரேட் மூன்றையும் பெரும்பகுதி நீக்கும். மெழுகுவர்த்தி வடிகட்டியும் புற ஊதா விளக்கும் நீக்காது. தாமிரபரணித் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை. டி.டி.எஸ். 500க்குக் குறைவான தண்ணீருக்கு அதைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் சொன்னது. ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துவிடும். அந்தக் கழிவில் எல்லா உப்பும் செறிந்திருக்கும். தரை கழுவ, கழிப்பறைக்கு விட அது உதவும். கிணற்றிலோ பழைய போரிலோ திருப்பி விடவே கூடாது. கேன் தண்ணீர் வாங்குவோர் கேனில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதோடு ஐ.எஸ். 14543 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கருவி வாங்க முடியாத ஊருக்கு நல்கொண்டா முறை உண்டு. நாக்பூரின் நீரி ஆய்வகம் உருவாக்கியது. படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் அளந்து கலந்து, தெளியவிட்டு இறுப்பது. ஃபுளோரைடு அளவைப் பொறுத்து மருந்தின் அளவு மாறுவதால் ஆய்வகம் எழுதிக்கொடுத்தபடிதான் செய்ய வேண்டும், கைக்கணக்கு ஆகாது. கிருமி மட்டுமே குறை என்றால் வேலை எளிது. ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு நான்கு கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுப் பயன்படுத்தலாம்.

கூரையில் இறங்கும் நல்ல தண்ணி

ஃபுளோரைடும் உப்பும் தொடாத தண்ணீர் ஒன்று ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் இறங்குகிறது. தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பெரும்பாலான வீடுகள் குழாயைக் குழிக்குள் விட்டன. கரிசலில் குழிக்குள் விட்ட தண்ணீர் உப்புப் பாறையோடு கலந்து மீண்டும் உப்பாகத்தான் வரும். குடிக்க வேண்டுமென்றால் தொட்டியில் சேர்ப்பதே புத்தி.

500 சதுர அடிக் கூரையில் 600 மில்லி மீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக 22,000 லிட்டர் சேரும். மழை பாதியாகப் பொய்த்தாலும் 11,000. நாலு பேர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 20 லிட்டர் போதும் என்று வைத்துக்கொண்டால், தை முதல் புரட்டாசி வரை ஒன்பது மாதத்துக்கு 5,400 லிட்டர்தான் தேவை. ஆறாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று போதும்.

புரட்டாசியில் கூரையைப் பெருக்கிக் கழுவி, தொட்டியைத் தேய்த்து அலசி வைக்க வேண்டும். முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட வேண்டும். பறவை எச்சமும் தூசியும் அதில்தான் போகும். மூன்றாம் மழைக்குக் குழாயைத் தொட்டிக்குத் திருப்பி, வாயில் மணலும் சரளையும் போட்ட வடிகட்டி வைக்கலாம். தொட்டிக்கு வெளிச்சம் படாத மூடி, கொசு நுழையாத வலை, உள்ளே கை விடாமல் எடுக்க அடியில் பூட்டு வைத்த ஒரு குழாய் வேண்டும். வீட்டுச் சாவியோடு அந்தக் குழாயின் சாவியும் சேர்ந்திருக்கட்டும்.